கூப்பிட்டாங்க, போனேன்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 15 வயது. இரண்டு பையன்களோடு சேர்ந்து பைக் திருடி மாட்டிக்கொண்டான். போலீஸ் எச்சரித்து அனுப்பிவிட்டது. செல்போனைப் பிடுங்கிவிட்டேன். கைப்பந்து ஆடப் போவதையும் நிறுத்திவிட்டேன். கெட்ட சகவாசம்தான் காரணம். இப்படிப்பட்ட பையன்களைத் திருத்தும் உறைவிட முகாமில் சேர்க்கலாமா?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

காவல் நிலையத்தில் அப்பாவாக நிற்பது கொடுமை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. செல்போன் உங்கள் விருப்பம், விடுங்கள். கைப்பந்தை ஏன் நிறுத்தினீர்கள்? திருடப் போகாத பையன்களோடு அவன் சேர்ந்திருந்த இடத்தையா அடைப்பது?

என்னோடு படித்த ஒருவனை யாரும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டதில்லை. பெரிய வகுப்புப் பையன்கள் இருவர் ஒரு கடைப் பூட்டை உடைத்தபோது இவன் தெருமுனையில் காவல் நின்றான். ஏன்டா போனாய் என்று கேட்டதற்கு, "கூப்பிட்டாங்க, போனேன்" என்றான். அதற்கு முன் அவனை எதற்கும் யாரும் கூப்பிட்டதில்லை. தனியாகத் திரிந்த காலத்தில் அவன் ஒரு பென்சில்கூட எடுத்ததில்லை. ஆனால் அந்தத் தனிமை, யார் கூப்பிட்டாலும் போகிறவனாக அவனை ஆக்கி வைத்திருந்தது.

முகாம் வேண்டாம். அமெரிக்காவில் பையன்கள் குற்றத்தில் இறங்காமல் தடுக்க 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வில் பாதிப் பையன்களுக்கு வழிகாட்டி, படிப்பு உதவி, மருத்துவம் எல்லாம் கொடுத்தார்கள். சிலரைக் கோடை முகாமுக்கும் அனுப்பினார்கள். மீதிப் பாதிக்கு எதுவுமில்லை. ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியலாளர் பல பத்தாண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களே பலவகையில் மோசமாக இருந்தார்கள். அதிலும் ஒருமுறைக்கு மேல் முகாமுக்குப் போனவர்களிடம்தான் கெடுதல் அதிகம். தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளர் பையன்கள் இருவர் இருவராகப் பேசுவதைப் படம்பிடித்துப் பார்த்தார். ஒருவன் செய்த தப்பைச் சொல்கிறான், மற்றவன் சிரிக்கிறான். அப்படிச் சிரித்துப் பேசிய ஜோடிகளிடம் பின்னாளில் குற்றம் கூடியது. யோசியுங்கள். மாட்டிக்கொண்ட பையன்களை ஒரே கூரையின் கீழ்ப் படுக்கவைத்தால் ராத்திரியில் எதைச் சொல்லிச் சிரிப்பார்கள்? உங்கள் மகனிடம் இப்போது ஒரே ஒரு பைக் கதை இருக்கிறது. அங்கே அது போதாது.

கெட்ட சகவாசமா? அந்த இரண்டு பையன்களின் அப்பாக்களும் உங்கள் மகனைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நாளைக்கே அவனை ஆட அனுப்புங்கள். நீங்களும் போய் நில்லுங்கள். கூட ஆடுகிறவர்கள் யார், பெயர் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருநாள் எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.