விலை படியவில்லை

அன்புள்ள ஐயா,

வணக்கம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ‘படி’ என்ற சொல்லை வெவ்வேறு பொருளில் வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்னேன். எல்லோரும் பாடம் படி, மாடிப்படி என்று எழுத, ஒரு பையன் மட்டும் ‘வெல படியலன்னு தாத்தா மாட்ட திரும்ப ஓட்டிக்கிட்டு வந்துட்டாரு’ என்று எழுதியிருக்கிறான். மதிப்பெண் போடலாமா? ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள் என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அகராதியைப் பார்த்துப் பட்டியல் போட்டேன், அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எப்படிச் சொல்லித் தருவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

முழு மதிப்பெண் போடுங்கள். ‘விலை படியவில்லை’ என்று பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும். மற்றவர்கள் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள், அவன் மாட்டுச் சந்தையிலிருந்து எடுத்திருக்கிறான்.

பட்டியல் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. யாரும் ‘படி’ என்று தனியாகச் சொல்லி நிறுத்துவதில்லை (உங்களைப் போன்ற ஆசிரியர்களைத் தவிர). முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று பார்க்கப் பழக்குங்கள்.

முதலில், வினையை நேற்று நடந்ததாகச் சொல்லச் சொல்லுங்கள். பாடம் படித்தான். தூசி படிந்தது. ஒன்றில் ‘த்’, இன்னொன்றில் ‘ந்’. நீங்கள் வேண்டுமென்றே ‘தூசி படித்தது’ என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே சிரிக்கும். சிரிக்கிற பிள்ளைக்கு அந்த இலக்கணம் ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. விலை படிந்தது, எண்ணெய் வைத்து வாரினால் தலைமுடி படிந்தது, இதெல்லாம் ‘ந்’ கட்சி. எழும்பி நிற்பது, அலைவது, இழுபறியாக இருப்பது அடங்கி அமைவதுதான் படிதல்.

இதைக் காட்ட உங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, புதுத்தண்ணீர் கலங்கலாக வரும்போது ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு மேசைமேல் வையுங்கள். யாரும் ஆட்டக் கூடாது. நேரமாக ஆக, அடியில் மெல்லிசாக ஏதோ படியும். அதுதான் வண்டல். டெல்டா என்பதே காவிரி கொண்டுவந்து இப்படிப் படியவிட்ட மண்தான், பள்ளிக்கூடமும் அதன்மேல்தான் நிற்கிறது என்று சொன்னால் இரண்டு பிள்ளைகளாவது குனிந்து தரையைப் பார்ப்பார்கள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு வண்டலில் நிறைய அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. பெரியவர்கள் ‘அந்தக் காலத்து வண்டல்’ என்று பெருமூச்சு விடுவது அதனால்தான்.

அப்புறம் பெயர்ச்சொல். இது கொஞ்சம் சிக்கல். ‘படியில் இறங்கினான்’, ‘படியில் அளந்தான்’ இரண்டிலும் சொல்லின் உருவம் ஒன்றுதான், பக்கத்தில் நிற்கும் வினைதான் காட்டிக்கொடுக்கிறது. இறங்குகிற படிக்கு உங்கள் ஊர்க் காவிரிப் படித்துறையான துலாக்கட்டம் இருக்கிறது. கும்பகோணத்தில் சக்கரப் படித்துறை, டபீர் படித்துறை என்று ஒவ்வொன்றுக்கும் பெயரே உண்டு. பஸ்ஸில் எழுதியிருக்கும் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ எல்லோருக்கும் மனப்பாடம்.

அளக்கிற படியைத்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும், கொண்டுவரச் சொல்லி அரிசியை அளக்க விடுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இது பொதுக் கணக்கு. பெரிய படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் மாறும். அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் 1956இல் எடை, அளவுகளுக்குச் சட்டம் போட்டு கிலோவையும் லிட்டரையும் கொண்டுவந்தார்கள்.

களத்தில் கூலியை நெல்லாகவே அளந்த ஊர்கள் இவை. ‘படியளக்கிறவர்’ என்றால் சோறு போடுகிறவர் என்று பொருள் வந்தது அதனால்தான். அளப்பவர் கை கொஞ்சம் சாய்ந்தால் ஒரு குடும்பத்தின் வயிறு காயும். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தைத் தொடர்ந்து 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தை ‘அரைப்படி நெல்’ என்ற சொல்லால்தான் இன்றும் பலர் நினைவுகூர்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் இதைச் சொல்ல வேண்டாம் என்பேன். எட்டாம் வகுப்பில் சொல்லாமல் விடக் கூடாது.

சரி, ஏன் இத்தனை பொருள்? எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல்லுக்கு வேலை கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான். எல்லாம் ஒரே வேர் என்று மட்டும் கதை கட்டாதீர்கள். படிப்பும் படிபோல ஏறுவதுதான் என்பதெல்லாம் ஆண்டுவிழா மேடைக்கு நன்றாக இருக்கும், வகுப்பறைக்கு வேண்டாம்.

கடைசியில் ‘படி’ வாலாக ஒட்டிவரும் சொற்களை வைத்து ஒரு நாள் விளையாடலாம். ‘அப்பா வரும்படி சொன்னார்’, ‘அப்பாவுக்கு வரும்படி இல்லை’. இரண்டையும் எழுதிப் போட்டுவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஜவுளிக்கடையில் தள்ளுபடி என்றால் சந்தோஷம், கூட்டுறவு வங்கியில் கடன் தள்ளுபடி என்றால் அதைவிடச் சந்தோஷம், கோர்ட்டில் மனு தள்ளுபடி என்றால் அழுகை. ‘சாகுபடி’யை மட்டும் பிரித்து எழுதச் சொல்லிவிடாதீர்கள். குறுவை நட்டிருக்கிற வீட்டுப் பிள்ளைகள் ‘சாகு’ என்றதும் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.