ஐந்தாவது பத்தியில் கிடந்த விளையாட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் நண்பனும் குளச்சல்காரர்கள். வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து இரண்டு வருடமாக ஒரு மொபைல் கேம் செய்திருக்கிறோம். கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிற விளையாட்டு. அடுத்த மாதக் கடைசியில் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் விடுகிறோம், விலை 99 ரூபாய். விமர்சனம் செய்கிற 40 பேருக்கு மெயில் போட்டோம். பதில் போட்டது ஒரே ஒருவர், அவரும் 8000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? நாங்கள் அனுப்பிய மெயிலையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகன், குளச்சல்

அன்புள்ள தம்பி,

மெயிலை இரண்டு தடவை வாசித்தேன். "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று தொடங்கி, அசத்தல் கிராபிக்ஸ், மெய்சிலிர்க்கும் இசை என்று நாலு பத்தி ஓடுகிறது. ஐந்தாவதில் போகிற போக்கில் சொல்கிறீர்கள்: விளையாட்டில் வரைபடமே கிடையாது, கரையில் தெரியும் மலையையும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரே நேராகப் பிடித்து, அதேபோல இன்னொரு ஜோடி அடையாளத்தையும் பிடித்து, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் பாரு (மீன் கூடுகிற கடலடிப் பாறை) இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அட, இதையா கடைசியில் கொண்டுபோய் வைத்தீர்கள்! ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் நம்மூர்க் கடலோடிகள் கண்ணால் போட்ட கணக்கு இது. மெயிலின் தலைப்பிலேயே வந்திருக்க வேண்டும். மீன் ஏலத்தில் கூடையை மூடி வைத்துக்கொண்டு யாராவது கூவுவார்களா?

அடுத்தது, நீங்கள் கொடுத்த லிங்க் திறக்கவில்லை. கேம்தான் இன்னும் வெளியாகவில்லையே! விமர்சகருக்கு இன்றைக்கே விளையாடக் கிடைக்க வேண்டும். ஐபோனுக்கு, வெளியாகாத ஆப்பைச் சோதிக்கக் கொடுக்கிற ஆப்பிளின் டெஸ்ட்ஃப்ளைட் இருக்கிறது, ஒரு பொது லிங்க் போதும், 10,000 பேர் வரை சேரலாம். ஆனால் முதல் பில்டை, அதாவது நீங்கள் ஏற்றுகிற கேமின் பதிப்பை, ஆப்பிள் பார்த்து அனுமதிக்க வேண்டும், ஏற்றிய பில்ட் 90 நாளில் காலாவதியாகிவிடும், அதனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டில்தான் ஒரு பொறி. விலை வைத்த கேமை கூகுள் பிளேயின் குளோஸ்டு டெஸ்டில் (அழைத்தவர்கள் மட்டும் சேரும் சோதனை) போட்டால் விமர்சகரும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். அங்கேயே இருக்கிற இன்டர்னல் டெஸ்டில் (சிறு வட்டத்துக்கான சோதனை) 100 பேர் வரை இலவசமாக இறக்கலாம், அவர்களுடைய கூகுள் கணக்கின் முகவரியை மட்டும் கேட்டு வாங்கிச் சேருங்கள். (உங்களுடையது புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டில் இருந்தால்தான் கூகுள் வெளியிடவே விடும். அதற்குச் சித்தப்பா மகன்களைப் பிடியுங்கள், விமர்சகர்களை அல்ல.)

வெளியீட்டுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், பத்துப் பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். அவர் முன்பு எழுதிய ஒன்றையாவது வாசித்துவிட்டு. நான் ஒருமுறை நண்பர் கேமுக்காக அறுபது பேரின் முகவரியையும் ஒரே மெயிலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டு அனுப்பி, வந்த ஒரே பதிலில் திட்டு வாங்கியவன். பழைய பட்டியலையும் நம்பாதீர்கள், மொபைல் கேமுக்கென்றே பல வருடம் இருந்த டச்ஆர்கேட் என்ற விமர்சனத் தளம் 2024இல் மூடப்பட்டது. விமர்சனத்தை எப்போது முதல் வெளியிடலாம் என்று தேதியோடு 'இந்திய நேரம்' என்றும் போடுங்கள். முப்பது நொடி வீடியோ ஒன்று வையுங்கள், அதில் உங்கள் லோகோ சுற்றுவது வேண்டாம், முதல் நொடியிலேயே மலையும் கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரட்டும்.

அந்த 8000? கொடுத்தால் அது விளம்பரம், விமர்சனம் இல்லை. அப்படித்தான் குறிப்பிட வேண்டும் என்று அஸ்கி (இந்திய விளம்பரத் தரக் கவுன்சில்) 2021இலேயே விதி போட்டிருக்கிறது. குறிப்பிடுவாரா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சரி, மெயிலை மாற்றி எழுதி எனக்கும் ஒன்று அனுப்புங்கள். என்னுடையது திரை கீறின பழைய ஆண்ட்ராய்டு, அதில் கோபுரம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.