டிவி குற்ற நிகழ்ச்சிகளில் வருவது போல நாமே திருடனைப் பிடித்து விசாரிக்கலாமா?

மார்த்தாண்டம் நண்பர் கேட்டிருக்கிறார். பிடிக்கலாம், விசாரிக்க முடியாது.

குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 40வது பிரிவின்படி, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் உங்கள் கண்முன் நடந்தால் அந்த ஆளைப் பிடித்து வைக்கலாம். தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். மரத்தில் கட்டி வைத்து அடித்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். வரவும் வேண்டும்.

டிவியில் பார்வையாளர்களிடம் தகவல் கேட்பது வேறு விஷயம். அமெரிக்காவில் 1988இல் 'அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்' என்ற டிவி நிகழ்ச்சி தொடங்கிய சில நாட்களிலேயே, பார்வையாளர்கள் தந்த துப்பால் தேடப்பட்ட ஒருவர் சிக்கினார். நம் களியக்காவிளை சோதனைச் சாவடியில் 2020 ஜனவரி 8 அன்று சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுடப்பட்டபோதும் சிசிடிவி காட்சிகள் எல்லா சேனலிலும் ஓடின. ஒரு வாரத்துக்குள் சந்தேக நபர்கள் இருவர் உடுப்பியில் கைதானார்கள்.

எனக்குக் கோபம் வருவது, அரை மணி நேரத்தில் ஆளை அடித்து உண்மையை வரவழைத்ததாக முடியும் நடிப்புக் காட்சிகளைப் பார்க்கும்போதுதான். போலீசிடம் தந்த வாக்குமூலத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்மானிக்காது. சட்டம் அதை ஏற்பதில்லை. கைரேகை, செல்போன் பதிவு, சாட்சி என்று மாதக்கணக்கில் நடக்கும் வேலையை அந்தக் காட்சிகள் காட்டுவதே இல்லை.

சரி, உங்கள் தெருவில் ஏதாவது நடந்தால்? 112க்கு அழையுங்கள். வண்டி எண்ணைக் குறித்து வையுங்கள். அப்புறம், பிடிபட்டவர் முகத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஆள் மாறிப்போயிருந்தால் அந்தக் குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது.