கழற்றிய டிவிடி டயோடு இன்னும் உதவுமா?

கே: பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்துச் சிவப்பு லேசர் டயோடு எடுக்கும் வழக்கம் ஏன் குறைந்துவிட்டது? இப்போது எல்லாரும் நீலத்தைத்தானே தேடுகிறார்கள்?

ப: எந்தச் சாதனம் மலிவாகக் கைக்கு வந்ததோ, அதற்குள் இருந்த டயோடுதான் எப்போதும் பிரபலமாகியிருக்கிறது. 16எக்ஸ், 20எக்ஸ் வேக ரைட்டர்கள் பழைய சாமான் கடைகளில் குவிந்தபோது 660 நானோமீட்டர் சிவப்பு. 2008 பிப்ரவரியில் டோஷிபா, ப்ளூ-ரேவுக்குப் போட்டியான ஹெச்டி டிவிடி வட்டு முறையைக் கைவிட்டதும் அதன் பிஎச்ஆர்-803டி ஸ்லெட் (லேசரும் லென்ஸும் அடங்கிய பகுதி) அடிமாட்டு விலைக்கு வந்தது. உடனே 405 நானோமீட்டர் ஊதாவுக்கு மவுசு. 2010-இல் காசியோ இறக்கிய லேசர்-எல்இடி புரொஜெக்டருக்குள் 445 நானோமீட்டர் நீல டயோடு 24 இருந்தது, ஒவ்வொன்றும் சுமார் 1 வாட். புதுப் புரொஜெக்டரை உடைத்துப் பங்கு போட்டாலும் கட்டுபடியானது!

660 பின்தங்க நம் கண்ணும் ஒரு காரணம். அதே மில்லிவாட்டில் 638 நானோமீட்டர் சுமார் மூன்று மடங்கு பிரகாசமாகத் தெரியும். ஆகவே ஒளிக்கற்றை பளிச்சென்று தெரிய வேண்டியவர்கள் 638-க்கு மாறினார்கள். ஆனால் அது சூடு தாங்காது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் சிறியதாக இருந்தால் வெளிச்சம் சரசரவென்று இறங்கும். கட்டிப் பழக 660 இன்றும் நல்லது, போனாலும் பெரிய நஷ்டமில்லை. பிசிபி (மின்சுற்றுப் பலகை) போடுபவர்கள் 405-ஐ விட வேண்டாம். பலகையில் ஒட்டும் ஒளியுணர் படலமான டிரை ஃபிலிமுக்கு அது நன்றாக வேலை செய்யும், 445 மந்தம்.

கே: எல்எம்317 ரெகுலேட்டர் ஐசியில் டிரைவர் (கரன்ட்டை அளவாகக் கொடுக்கும் சுற்று) கட்டி டயோடை இணைத்தேன். ஒரு கணம் பளீரென்று எரிந்து மங்கிவிட்டது. லென்ஸில் கோளாறா?

ப: இல்லை, டயோடு போய்விட்டது. ஒளி வெளிவரும் முகப்பு கருகியதால் இனி அது வெறும் எல்இடி. பெரும்பாலும் குற்றவாளி அவுட்புட் கெபாசிட்டர்தான். டயோடு இல்லாமல் டிரைவருக்கு மின்சாரம் கொடுத்தால் அவுட்புட் ஏறக்குறைய பேட்டரி வோல்டேஜுக்கு ஏறி, கெபாசிட்டர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டயோடைத் தொட்டதும் மொத்தமும் ஒரே பாய்ச்சலாக இறங்கும்.

கரன்ட் கணக்கு: எல்எம்317-இன் 1.25 வோல்ட்டை ரெசிஸ்டரின் ஓம் மதிப்பால் வகுக்க வேண்டும். 8.2 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டை இணையாக (பேரலலாக) இணைத்தால் 4.1 ஓம், சுமார் 305 மில்லிஆம்பியர் வரும். 20எக்ஸ் ரைட்டரின் சிவப்பு டயோடுக்கு அது தாராளம். வெறும் பிரீசெட்டை (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) மட்டும் நம்பாதீர்கள். அதன் நகரும் முனை ஒரு நொடி தவறான இடத்தில் உட்கார்ந்தால் கரன்ட் எகிறும். தொடரில் ஒரு நிலையான ரெசிஸ்டர் கட்டாயம்.

முதலில் லேசர் டயோடுக்குப் பதில் போலிச் சுமையில் சோதியுங்கள்: சாதாரண ரெக்டிஃபையர் டயோடான 1என்4007 மூன்றும் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் தொடராக. ரெசிஸ்டரின் இருபுறமும் காட்டும் மில்லிவோல்ட்தான் மில்லிஆம்பியர். நீலத்துக்கு 1என்4007 ஐந்து அல்லது ஆறு போடுங்கள். கரன்ட் சரியென்றால் பேட்டரியைக் கழற்றி, கெபாசிட்டர் பிடித்து வைத்தது இறங்க, அவுட்புட் கம்பிகளை ஒன்றோடொன்று தொட வையுங்கள். டயோடின் கால்களை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிவிட்டு சால்டர் செய்து, கடைசியில் அந்தக் கம்பியை அவிழ்க்கலாம். எல்எம்317 மட்டும் சுமார் 3 வோல்ட்டை விழுங்கும். ஆகவே இரண்டு லித்தியம் செல் சிவப்புக்குப் போதும், நீலத்துக்குப் போதாது.

கே: என்யுபிஎம்44 நீல டயோடு வாங்கினேன். சுவரில் புள்ளிக்குப் பதில் கோடு விழுகிறதே?

ப: அதன் இயல்பே அது. 6 வாட்டுக்கு மேல் தரும் மல்டி மோட் டயோடு. ஒளி வெளிவரும் வாயே ஒரு பட்டை. உருளை லென்ஸ் ஜோடியால் கோட்டை ஓரளவு சுருக்கலாம், வட்டமாக்க முடியாது. மரத்தில் செதுக்க அது சரிதான். தூரத்தில் நறுக்கென்ற புள்ளி வேண்டுமென்றால் ஆஸ்ராம் பிஎல்450பி போன்ற, ஒளி வாய் மிகச் சிறிய சிங்கிள் மோட் டயோடு நல்லது. 80 மில்லிவாட்தான், ஆனால் கற்றை மெலிசு. வாட்டை மட்டும் பார்த்து வாங்குவதால்தான் இந்த ஏமாற்றம்.

என்யுபிஎம்44-க்கு 1என்4007 போலிச் சுமை உதவாது, 1 ஆம்பியர்தான் தாங்கும். 6ஏ10 டயோடும் 0.1 ஓம் ரெசிஸ்டரும் போடுங்கள். 300 மில்லிவோல்ட் காட்டினால் 3 ஆம்பியர்.

கே: 405 மங்கலாகத்தானே தெரிகிறது, பாதுகாப்புக் கண்ணாடி அவசியமா?

ப: மங்கலாகத் தெரிவதுதான் ஆபத்து, கண் தானாக இமைக்காது. அந்த அலைநீளத்துக்கென்றே ஓடி (ஒளியைத் தடுக்கும் அளவு) 4 அல்லது அதற்கு மேல் குறித்த கண்ணாடி வேண்டும். சிவப்புக்கு வாங்கியது இதற்கு ஆகாது. 500 மில்லிவாட்டைத் தாண்டினால் சுவரில் பட்டுச் சிதறும் ஒளிகூட கண்ணைக் கெடுக்கலாம்.