எண்ணாத இலையும் எழுதாத அட்வான்ஸும்

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளத் தொடங்கியதும் கல்யாணச் செலவு பற்றிய வாசகர் கடிதங்கள் வந்துவிடும். இந்த முறை வந்ததில் பாதி, கல்யாணம் முடிந்தபிறகு எழுதியவை. ஒரு மாதம் முன்னால் எழுதியிருக்கலாம்.

மன்னார்குடி வாசகி: மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேசி 40,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தோம். மாமியார் தவறிவிட்டதால் இரண்டு மாதம் முன்பே தேதியை மாற்றச் சொன்னோம். அட்வான்ஸ் திரும்பாது என்கிறார்கள். ஆனால் அதே முகூர்த்தத்தில் அங்கே வேறு கல்யாணம் நடந்தது. எங்களிடம் இருப்பது தேதி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த ரசீது மட்டும்.

அந்தத் தாளை லேமினேட் செய்துவிடாதீர்கள் அம்மா, அப்படியே ஒரு கவரில் வையுங்கள். கையெழுத்தும் தொகையும் தேதியும் இருந்தால் அதுவும் ரசீதுதான். நீங்கள் விட்ட தேதியை மண்டபக்காரர் இன்னொருவருக்குக் கொடுத்து வாடகை வாங்கிவிட்டார். பிறகு அவருக்கு என்ன நஷ்டம்? ஒரே நாளை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார், அவ்வளவுதான். அன்றைக்கு அங்கே நடந்த கல்யாணத்தின் பத்திரிகை ஒன்றை எப்படியாவது வாங்கிவிடுங்கள். மன்னார்குடியில் அது பெரிய காரியமில்லை, யாராவது ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கட்டாயம் வைத்திருப்பார்கள். உங்கள் வழக்குக்கு அதுதான் முதல் சாட்சி.

15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷம் அவகாசம் உண்டு. துக்க வீட்டில் போய் வழக்கா என்று யோசிக்காதீர்கள். அவர் யோசித்துத்தான் செய்தாரா?

பட்டுக்கோட்டை வாசகர்: மண்டப பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லை. கேட்டால் "ஆடிட்டரிடம் இருக்கிறது" என்கிறார்கள்.

ஆடிட்டரிடம் இருந்தால் வரியையும் ஆடிட்டரே கட்டட்டும். 15 இலக்க எண் பில்லில் அச்சாகியிருக்க வேண்டும். பதிவு செய்யாதவருக்கு வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்க உரிமை இல்லை. கொடுக்காதீர்கள்.

குத்தாலம் வாசகர்: 300 பத்திரிகை அடித்திருக்கிறோம். 900 பேருக்குச் சமையல் சொல்லலாமா?

வேண்டாம்.

பாபநாசம் வாசகர்: தங்கை கல்யாணத்துக்கு இலைக்கு 190 ரூபாய் என்று சமையல் கான்ட்ராக்ட் விட்டோம். எங்கள் கணக்கில் மதியம் 420 பேர்தான் சாப்பிட்டார்கள். அவர் 610 இலை விழுந்தது என்று கணக்குக் காட்டி, பணம் கொடுத்தால்தான் பாத்திரம் ஏற்றுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். கல்யாண வீட்டில் சண்டை வேண்டாமென்று அப்பா கொடுத்துவிட்டார்.

190 இலை, இலைக்கு 190 ரூபாய்: 36,100 ரூபாய் போயிற்று. அப்பாவைக் கோபிக்காதீர்கள். பெண்ணைப் பெற்றவர், சம்பந்தி வீட்டார் வேன் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் வேறு என்ன செய்வார்? அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கு நோட்டையே எடுப்பார்கள்.

இலைக் கணக்கைப் பற்றி நான் எழுதாத வருஷம் இல்லை, இதோ இன்னொரு முறை. பேசும்போதே "இலை" என்றால் எது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மேளக்காரர்கள், போட்டோக்காரர், வேன் டிரைவர், சமையல் ஆட்கள் இவர்களெல்லாம் கணக்கில் வருகிறார்களா? கிழிந்த இலை யார் தலையில்? குழந்தைக்குப் போட்ட ஏடு முழு இலையா, அரை இலையா? காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒரே ரேட்டா? இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல், "பாயசம் ரெண்டு வேணும், அசோகா வேணும், காலைல கடப்பா வேணும்" என்று ருசியை மட்டும் பேசிவிட்டு வருகிறோம்.

அடுத்தது, இலையை நீங்களே வாங்குங்கள். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழைத் தோட்டத்துக்குப் பஞ்சமா? மண்டபத்தில் இறக்கும்போது சமையல்காரரின் ஆள் முன்னிலையில் எண்ணி, ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்து. கடைசிப் பந்தி எழுந்ததும் மிச்ச இலையை எண்ணிக் கழித்தால் தீர்ந்தது. இதற்கு வீட்டில் ஒரு ஆளை நியமிக்க வேண்டும். வேட்டி கசங்குமே என்று பார்க்கிற அத்தான் சரிப்பட மாட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கிற, கணக்கில் கறாரான ஒரு பையன் போதும்.

மூன்றாவதாக, பந்தியை எண்ணுங்கள். உங்கள் மண்டபத்து டைனிங் ஹாலில் எத்தனை நாற்காலி? 110 நாற்காலி, நாலு பந்தி, கடைசிப் பந்தி பாதி காலி என்றால் 400-ஐ ஒட்டித்தான் வரும். 610 எங்கிருந்து வரும்? ஒவ்வொரு பந்தியையும் வீடியோக்காரர் ஒரு சுற்று எடுத்திருப்பார். அந்த வீடியோவை வாங்கி, தலைகளை எண்ணி, நோட்டீஸ் அனுப்புங்கள். நிச்சயம் அனுப்புங்கள்.

என் தம்பி கல்யாணத்தில் சாப்பாடு முடிந்து கொல்லைப்பக்கம் கை கழுவப் போனேன். எச்சில் இலைக் குவியலில் சில இலைகள் மட்டும் பளபளவென்று இருந்தன. பிரித்துப் பார்த்தால் ஒரு பருக்கை இல்லை, சாம்பார்க் கறை இல்லை. சாப்பிட்டு மூடியதுபோல அழகாக மடித்துப் போட்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குச்சியால் கிளறி 38 எண்ணினேன். என் மனைவி அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திருவிடைமருதூர் வாசகி: கூறைப்புடவை 18,000 ரூபாய்க்கு எடுத்தோம். மூன்றாம் வாரமே சரிகை கறுத்துவிட்டது. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

பட்டு நெய்யும் திருபுவனத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இப்படி ஏமாறலாமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்கவில்லை. கறுத்ததை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது, வெள்ளி கலந்த அசல் சரிகையும் காற்றுப் பட்டால் மங்கும். முந்தானை ஓரத்தில் தொங்கும் ஒரு சரிகை இழையை எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அசலில் உள்ளே சிவப்புப் பட்டு நூல், அதன்மேல் வெள்ளி, அதற்கும் மேல் பொன் முலாம். உள்ளே வெள்ளை நூலோ பிளாஸ்டிக் பட்டையோ தெரிந்தால் கடைக்குக் கிளம்புங்கள். பட்டு நூலையும் ஒரு இழை கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிய வேண்டும். உருகி மணியாகச் சுருண்டால் அது பட்டே இல்லை.

குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில்லில் கெடு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். "வாபஸ் இல்லை" என்று அச்சடித்துவிட்டால் சட்டம் ஓடிப்போய்விடாது. உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, நாளையே எழுத்தில் கேளுங்கள். அடுத்த முறை சில்க் மார்க் அட்டையில்லாத பட்டைத் தொடாதீர்கள். "நெசவாளர் வீட்டுக்கே கூட்டிப் போறேன்" என்று அன்பாகப் பேசும் ஆட்டோவிலும் ஏறாதீர்கள்.

ஒரத்தநாடு வாசகர்: 11 மாதச் சீட்டு கட்டினால் செய்கூலி, சேதாரம் இல்லை என்றார்கள். நகை எடுக்கும்போது "இந்த டிசைனுக்குப் பொருந்தாது" என்கிறார்கள்.

சீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்திருக்குமே, படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள். 11 மாதம் என்பதே உங்கள் வசதிக்காக வைத்ததில்லை. நகைக்கென்று கம்பெனிகள் வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தீர்க்காவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும், அதற்குச் சட்டம் வேறு.

சேதாரத்தை ரூபாயில் யோசிக்காதீர்கள், கிராமில் போடுங்கள். 3 பவுன் 24 கிராம். 14 சதவீதம் சேதாரம் என்றால் 3.36 கிராம். கிட்டத்தட்ட அரைப் பவுனுக்குக் காசு கொடுத்துவிட்டு அதைக் கழுத்தில் போடாமல் வருகிறீர்கள். கல் எடையைத் தனியாகக் கழித்து பில்லில் எழுதச் சொல்லுங்கள். 22 காரட் 916 முத்திரையோடு 6 இலக்க ஹெச்யுஐடி குறி இருக்க வேண்டும், 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்தக் குறியைத் தட்டினால் எந்த நகை, என்ன தரம், எங்கே முத்திரையிட்டது என்று வரும். கடையை விட்டு இறங்குமுன் தட்டுங்கள். மாங்கல்யம் 2 கிராமுக்குக் குறைவாக இருந்தால் மட்டும் முத்திரைக்கு விலக்கு உண்டு.

வேதாரண்யம் வாசகி: தாலிக்கு 8 கிராம் அரசுத் தங்கம் வாங்கித் தருவதாகச் சொன்னவருக்குப் போனில் 3,500 ரூபாய் அனுப்பினேன். இப்போது எடுப்பதில்லை.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த அந்தத் திருமண உதவித் திட்டம் 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறிவிட்டது. மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர்க்காரர் பெயரை நம் ஊரிலேயே விற்றுக் காசு பார்க்கிறான் பாருங்கள். இப்போது கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது, தாலித் தங்கம் அதில் இல்லை. கைம்பெண் மகள் திருமணம், கலப்புத் திருமணம் போன்றவற்றுக்கு உள்ள உதவிகளைப் பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் சமூகநலப் பிரிவில் நேரிலேயே கேளுங்கள், இடையில் ஆள் வேண்டாம். இன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்து பணம் போன எண்ணைச் சொல்லுங்கள். 3,500-தானே என்று விடாதீர்கள்.

கும்பகோணம் வாசகர்: சீருக்குக் குத்துவிளக்கு எடையில் வாங்கலாமா, ஜோடி விலைக்கா?

எடையில்தான். ஆனால் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு. நான் என் தங்கைக்கு வாங்கியது நாச்சியார்கோயில் வார்ப்பு என்று சொல்லி விற்ற ஜோடி. கையில் தூக்கினால் கனம். அந்தக் கனத்திலேயே மயங்கிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து அடித்தட்டு கழன்று விழுந்தபோது உள்ளேயிருந்து அரக்கும் மணலும் கொட்டின. பித்தளை விலைக்கு மணல் வாங்கியிருக்கிறேன். பில் இல்லை. "நமக்குள்ள எதுக்கு பில்" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டியவன் நான்தான். ஒரு காந்தத் துண்டும் எடுத்துப் போங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு.

சீர்காழி வாசகர்: போட்டோ, வீடியோவுக்கு முழுப் பணமும் கல்யாணத்தன்றே கொடுத்துவிட்டோம். 14 மாதமாக ஆல்பம் வரவில்லை.

முழுப் பணமும் கொடுத்தால் அவர் ஏன் வருவார்? முதலில், எடுத்த படங்கள் அனைத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் வாங்குங்கள், ஆல்பத்தைப் பிறகு பேசலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உள்ள 2 வருஷக் கெடுவில் 14 மாதம் போய்விட்டது.

பேராவூரணி வாசகர்: மொய் எப்படியும் 6 லட்சம் வரும். அதை நம்பி வட்டிக்கு வாங்கலாமா?

உங்கள் ஊர்க்காரருக்கு நான் மொய் நோட்டு பற்றிச் சொல்ல வேண்டுமா? அதில் பாதி நீங்கள் செய்தது திரும்பி வருவது, மீதி நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டியது. அதன்மேல் வட்டிக் கடன் வேறா?

நீடாமங்கலம் வாசகர்: மாப்பிள்ளை வீட்டார் பைக் கேட்கிறார்கள். எந்த கம்பெனி பைக் நல்ல மைலேஜ் தரும்?

கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். 1961-லிருந்து. மாப்பிள்ளையை மாற்றிப் பாருங்கள், செலவு குறையும்.

வலங்கைமான் வாசகி: செலவைக் குறைக்க சுவாமிமலையில் தாலி கட்டி, 150 பேருக்கு மட்டும் சாப்பாடு போடலாம் என்கிறாள் என் பெண். சொந்தக்காரர்கள் கேவலமாகப் பேசுவார்களே?

பேசுவார்கள். மண்டபத்தில் செய்தால் அப்பளம் நமத்துவிட்டது என்று பேசுவார்கள். பெண் சொல்வதைக் கேளுங்கள். இருவரின் வயதுச் சான்று, முதல் திருமணம்தான் என்பதற்கான சான்று ஆகியவற்றோடு கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே பதியுங்கள். கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள், அது பின்னால் சார்பதிவாளர் அலுவலகத்தில் உதவும். தாலி கட்டிய 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். என் தங்கை பெண்ணுக்கும் சுவாமிமலையில்தான் நடந்தது. என் பெரியப்பா அறுபது படியும் ஏறி வந்து, மூச்சு வாங்கி முடிந்ததும் காபி ஆறிப்போயிருக்கிறது என்றார்.