மைசூர் ரயில்வே மத்திய அரசுக்குப் போனது எப்படி? பெங்களூரு தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்

அல்சூரிலிருந்து: ஐயா, 1947-ல் மைசூர் இந்தியாவோடு இணைந்தபோதே ரயில்வேயும் டெல்லிக்குப் போய்விட்டதுதானே?

இல்லைங்க. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 1947 ஆகஸ்ட் இணைப்பு ஒப்பந்தத்தில், சமஸ்தான ரயில்வே மீது மத்திய அரசுக்குக் கிடைத்தது ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டுமே. பயணப் பாதுகாப்பு, கட்டணத்தின் மேல்வரம்பும் கீழ்வரம்பும், ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு மாற்றுவது போன்றவை அதில் அடங்கும். தண்டவாளம், இன்ஜின், டிக்கெட் காசு எல்லாம் சமஸ்தானத்திடமே இருந்தன. அவை கைமாறியது 1950 ஏப்ரல் 1-ல். அதன்பின் 1951 ஏப்ரல் 14-ல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, சவுத் இந்தியன் ஆகிய இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. சட்டம், சொத்து, நிர்வாகம் என மூன்றுக்கும் மூன்று தேதிகள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால் கணக்கு தப்பிவிடும்.

சிவாஜிநகரிலிருந்து: கண்டோன்மென்ட் ஸ்டேஷனும் சிட்டி ஸ்டேஷனும் ஒரே வரலாறுதானா?

இரண்டும் வேறு வேறு. ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்கு 1864-ல் வந்தது மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பிராட் கேஜ் பாதை. கம்பெனிக்கு லாபம் குறைந்தால் 5 சதவீதம் வரை அரசே ஈடுகட்டும் என்பது அந்தக் காலத்து உத்தரவாதம். 1908-ல் அரசு அதை விலைக்கு வாங்கியது. ஆனாலும் வண்டி ஓட்டும் பொறுப்பை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனிக்கே கொடுத்தது. அந்த நிர்வாகமும் 1944 ஏப்ரல் 1-ல் அரசிடம் வந்தது. இதில் மைசூருக்கு உடைமை எதுவும் கிடையாது.

சிட்டியிலிருந்து மைசூருக்கு 1881-82-ல் போட்ட மீட்டர் கேஜ் (பிராட் கேஜைவிடக் குறுகிய பாதை), சமஸ்தானத்தின் சொந்தப் பாதை. ஆனால் மேற்கொண்டு பாதை போடக் கடன் தேவைப்பட்டதால், 1886-ல் ஓட்டும் உரிமையைச் சதர்ன் மராட்டா கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்கள். மைசூர்ப் பக்கத்துப் பாதைகள் 1919-லும், ஹரிஹர் பாதை 1938-லும்தான் திரும்பக் கிடைத்தன. தன் பாதைகள் எல்லாவற்றிலும் தானே வண்டி ஓட்ட ஒரு சமஸ்தானம் ஐம்பது வருடம் காத்திருந்தது. 1950-ல் அதைக் கொடுத்தபோது மைசூரில் எழுந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

மல்லேஸ்வரத்திலிருந்து: கொடுத்ததற்கு மைசூருக்கு என்ன விலை கிடைத்தது?

ரயில்வேக்கென்று தனி விலை போடவில்லை. சமஸ்தானங்களின் நிதியை ஆராய்ந்த வி.டி.கிருஷ்ணமாச்சாரி குழுவின் பரிந்துரைப்படி, மத்தியப் பட்டியலில் (அரசியல் சாசனம் மத்திய அரசுக்கு ஒதுக்கிய துறைகளின் பட்டியல்) உள்ள எல்லா வருவாயும் செலவும் மொத்தமாகக் கைமாறின. கணக்கு இப்படி: சமஸ்தானம் இழக்கும் வருவாய் 100, அதோடு போகும் செலவு 60 என்று வைத்துக்கொண்டால், இடைவெளி 40. இந்த இடைவெளிக்குத்தான் ஈடு. இதற்கான ஒப்பந்தங்களுக்கு அரசியல் சாசனத்தின் 278-வது பிரிவு இடம் கொடுத்தது. உச்ச காலம் 10 வருடம். மொத்த வருமானத்தை மட்டும் பார்த்து "இத்தனை லட்சம் போச்சு" என்று எழுதுகிறவர்கள் அந்த 60-ஐ மறந்துவிடுகிறார்கள்.

பையப்பனஹள்ளியிலிருந்து: அண்ணா, எங்கள் மனையை ஒட்டிய நிலத்துக்குப் பஹணியில் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) இன்னும் மைசூர் சமஸ்தான ரயில்வே என்றே இருக்கிறது. அப்படியானால் அது மாநில அரசு நிலமா?

இல்லை தம்பி. பெயர் மாற்றாமல் விட்ட பழைய பதிவு அது. மத்தியப் பட்டியல் வேலைக்காக சமஸ்தானம் வைத்திருந்த சொத்து 295-வது பிரிவின்படி மத்திய அரசைச் சேரும். பஹணியில் பழைய பெயர் இருப்பதால் மட்டும் அது மாநில நிலம் ஆகிவிடாது.

செய்ய வேண்டியது இது. முதலில் சர்வே நம்பர் ஸ்கெட்சும் கிராம வரைபடமும் வாங்குங்கள். பிறகு ரயில்வே கோட்ட அலுவலகத்தில் அந்த இடத்தின் நில வரைபடத்தைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், தாலுகா சர்வேயரும் ரயில்வே பொறியாளரும் சேர்ந்து அளக்கும் கூட்டு சர்வேக்கு மனுக் கொடுங்கள். அளக்கும் நாளில் நீங்களும் நேரில் நின்று எல்லைக்கல்லைப் பாருங்கள். பல கற்கள் மண்ணில் புதைந்து தலை மட்டும் தெரியும். சில இடம் பெயர்ந்திருக்கும். அதனால் ஒரு கல்லை நம்பாமல் வரிசையாக மூன்று நான்கு கற்களைச் சேர்த்துப் பாருங்கள்.

தண்டவாளத்தின் நடுவிலிருந்து இத்தனை அடி என்று அளந்து வீடு கட்டுவது பெரிய தவறு. ரயில்வே நிலத்தின் அகலம் ஒரே சீராக இருக்காது. உயர்ந்த கரை, பள்ளம், நிலையம் உள்ள இடங்களில் விரியும். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதானால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று தேவை. "பல வருடமாக அனுபவிக்கிறோம்" என்ற வாதம் அரசு நிலத்தில் 12 வருடத்தில் எடுபடாது. 30 வருடம் வேண்டும்.

கே.ஜி.எஃப்-லிருந்து: கர்நாடக அரசு ரயில்வேயைத் திரும்பக் கேட்க முடியுமா?

ரயில்வே மத்தியப் பட்டியலில் 22-வது இனம். ஒரே நகராட்சிக்குள் ஓடும் டிராம் மட்டும் அதில் சேராது. அதனால் இன்றைய வழி கூட்டு நிறுவனம். பெங்களூரு மெட்ரோவில் மத்திய அரசும் மாநிலமும் பாதிப்பாதி. 148 கி.மீ. புறநகர் ரயிலை மாநிலமும் ரயில்வே அமைச்சகமும் சேர்ந்த கே-ரைடு கட்டுகிறது. செலவில் தலா 20 சதவீதம், மீதி 60 கடன்.

ஜெயநகரிலிருந்து: மூல ஆவணங்களை எங்கே பார்க்கலாம்?

சமஸ்தானத்தின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளுக்கு விதான சவுதாவில் உள்ள கர்நாடக ஆவணக் காப்பகம். ரெசிடென்டின் (சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி) கடிதங்களுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். ஜோலார்பேட்டைப் பாதைக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தேடும்போது ரயில்வே என்று மட்டும் கேட்காமல், பாதையின் பெயரையும் வருடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.