வீட்டில் கட்டிய பேட்டரி, பத்திரமான சார்ஜிங்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பட்டறையில் சாமான் இழுக்கும் பெட்ரோல் பக்கியை (சிறு வண்டி) மின்வண்டியாக மாற்றினோம். வளாகத்தை விட்டு வெளியே போகாது. 100 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் 16, தொடராக இணைத்திருக்கிறோம். சார்ஜர் 58.4 வோல்ட். ஆனால் 55-ஐத் தொடுவதற்குள் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்பலகை) துண்டித்துவிடுகிறது. பிஎம்எஸ்ஸை விட்டுவிட்டு நேராக வயர் கொடு என்கிறார் நண்பர். கொடுக்கலாமா?
– வாசகர், சுங்கை காடுட்

பதில்: வேண்டாம் ஐயா, தயவுசெய்து கொடுக்காதீர்கள். உங்கள் வண்டியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்த பிஎம்எஸ்தான்.

சார்ஜருக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டும். 15 செல்கள் 3.4 வோல்ட்டில் இருக்கும்போது ஒரே ஒரு செல் 3.65-க்குப் போய்விட்டால் கூட்டுத்தொகை 54.65. அந்த இடத்தில்தான் உங்களுக்கு நிற்கிறது. பிஎம்எஸ் இல்லாவிட்டால் 58.4 வரும்வரை சார்ஜர் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே நிறைந்த செல் உப்பி, வாயு கக்கத் தொடங்கும்.

முதலில் இதைப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது மல்டிமீட்டர் முனைகளை அந்த செல்லின் துருவங்கள் மேலேயே வைத்து அளந்து, பிஎம்எஸ் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் குற்றம் செல் மேல் இல்லை, இணைப்பில். பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) மரை தளர்ந்து 5 மில்லி ஓம் தடை சேர்ந்தாலே 20 ஆம்பியரில் 0.1 வோல்ட் கூடுதலாகக் காட்டும். கழற்றி, அலுமினியத் துருவத்தை நன்றாகத் தேய்த்துத் துடைத்து, செல் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள்.

இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் செல்கள் சமமாக நிறையவில்லை என்று பொருள். பிஎம்எஸ் தானாகச் சமன்செய்யும் என்று காத்திருக்கலாம். ஆனால் பல பிஎம்எஸ்களின் சமன் மின்னோட்டம் 50 முதல் 100 மில்லி ஆம்பியர்தான். 5 ஆம்பியர்-மணி வித்தியாசத்தை 50 மில்லி ஆம்பியரில் தீர்க்க 100 மணி நேரம் ஆகும். அதற்குக் கையால் ஒருமுறை சமன்செய்வது மேல்.

பிஎம்எஸ் துண்டிக்கும்வரை வழக்கம்போல் சார்ஜ் ஏற்றி, ஒரு இரவு அப்படியே விடுங்கள். இந்த இடைவெளி முக்கியம்: 3.65-இல் உள்ள செல்லையும் 3.4-இல் உள்ளதையும் உடனே பக்க இணைப்பில் போட்டால் பெரிய மின்னோட்டம் பாயும். காலையில் அளந்தால் எல்லாம் 3.35 பக்கம் வந்து உட்கார்ந்திருக்கும். பிறகு பஸ்பார்களைக் கழற்றி, 16 செல்களையும் பக்கவாட்டில் நேரோடு நேர், எதிரோடு எதிர் என்று இணையுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் கையில் வேண்டாம். ஸ்பேனர் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

மேசை பவர் சப்ளையை செல்லில் மாட்டாமல், வெறுமனே வைத்து 3.65 வோல்ட்டுக்குத் திருப்புங்கள். மாட்டிய பிறகு வோல்ட்டைத் திருப்பும் அந்தக் குமிழைத் தொடவே கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். மின்னோட்டம் குறைவாக இருக்கிறதே என்று வோல்ட்டை ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது 16 செல்லும் உப்பியிருக்கும். 10 ஆம்பியர் சப்ளை என்றால் குறைந்தது ஒரு பகல் பிடிக்கும். மின்னோட்டம் 1 ஆம்பியருக்குக் கீழே இறங்கியதும் கழற்றிவிடுங்கள்.

திரும்பத் தொடராகக் கட்டியபின் சார்ஜரை 56 வோல்ட்டுக்கு, அதாவது செல்லுக்கு 3.5 என்று வையுங்கள். கொள்ளளவில் நீங்கள் இழப்பது மிகச் சொற்பம். தகரக் கூரைக்குக் கீழே ஓடிவந்த வண்டியை உடனே சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும். செல் 45 டிகிரி தாண்டினால் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்தும்படி அமைத்துவையுங்கள். சில வாரத்தில் அதே செல் மறுபடி முந்திக்கொண்டால் செல்களில் கோளாறு இருக்கலாம், சோதித்துப் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: 48 வோல்ட் லெட்-ஆசிட் சார்ஜர் சும்மா கிடக்கிறது. 16 செல் எல்எஃப்பி பேட்டரிக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், துவாஸ்

பதில்: கூடாது. பல லெட்-ஆசிட் சார்ஜர்கள் சமன்செய்யும் கட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டும். 62 வோல்ட் என்றால் செல்லுக்கு 3.87. நிறைந்த பிறகும் துளித்துளியாக ஏற்றிக்கொண்டே இருப்பது அவற்றின் இன்னொரு குணம். லித்தியத்துக்கு அது ஆகாது. இன்னொன்று: பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் போடும்போது டிசி (நேர் மின்னோட்டம்) என்று குறித்ததையே வாங்குங்கள். வீட்டு ஏசி பிரேக்கர் டிசி பொறியை அணைக்கும் என்று நம்ப முடியாது.

கேள்வி: என் தம்பி இப்படிக் கட்டிய பேட்டரியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் பக்கத்தில் இரவெல்லாம் சார்ஜ் போடுகிறான். பயமாக இருக்கிறது.
– வாசகி, செங்காங்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. வீட்டில் கட்டிய பேட்டரி குடியிருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது. அதிலும் வாசல் பக்கம் தீப்பிடித்தால் நீங்கள் வெளியேறும் ஒரே வழியும் அடைபடும். தம்பியிடம் இன்றைக்கே பேசுங்கள். அவரிடம் இருப்பது கடையில் வாங்கிய, சான்றிதழ் உள்ள மின்சைக்கிள் பேட்டரி என்றாலும் அதனோடு வந்த சார்ஜர், நீட்டிப்பு வயர் இல்லாமல் நேராகச் சுவர் சாக்கெட், ஆள் விழித்திருக்கும் நேரம், இந்த மூன்றும் வேண்டும். உப்பல், வழக்கத்துக்கு மாறான வாடை, தொட முடியாத சூடு இருந்தால் அந்தப் பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. புகை வந்தால் அணைக்க நிற்காதீர்கள். அந்தப் புகை நச்சு. எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, சிங்கப்பூர் தீயணைப்பு அவசர எண்ணான 995-ஐ அழையுங்கள்.

கேள்வி: பழைய காரை நானே மின்காராக மாற்றிப் பொது சார்ஜரில் போடலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: இயந்திரத்தை மாற்றுவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், மாற்றிவிட்டுக் கேட்கும் விஷயம் இல்லை. பொது ஏசி சார்ஜர் வண்டியோடு பைலட் வயர் (சைகை அனுப்பும் தனி வயர்) வழியாகப் பேசி, பதில் கிடைத்த பிறகே மின்சாரம் விடும். ஒரு ரெசிஸ்டரை வைத்து அந்தப் பதிலைப் போலியாகக் கொடுக்கும் வித்தை புழக்கத்தில் இருக்கிறது. அப்படிச் செய்தால், உங்கள் வண்டி தயாராக இல்லாதபோதும் கேபிளில் 230 வோல்ட் வந்து நிற்கும்.